பாவா விட்டுவைத்த குறை

அக்காவின் புருஷனை எங்கள் பக்கத்தில் பாவா என்போம். என் பாவா ஒரு வண்டி வாங்கிய விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அதைச் சொன்னால் ஆளைப் பாதி சொன்ன மாதிரி.

அம்மையார்குப்பத்தில் ஒரு தறிக்காரர் வீட்டுக் கல்யாணம். பாவாதான் சமையல் மேஸ்திரி. ஞாயிற்றுக்கிழமை என்பதால் நானும் கூடப் போயிருந்தேன். திருத்தணியில் ஒரு ஜவுளிக் கடையில் எனக்குக் கணக்கு எழுதும் வேலை. சமையலில் எனக்குத் தெரிந்தது சாப்பிடுவது மட்டும்தான். அந்தத் தகுதியில் போயிருந்தேன். கொல்லையில் வெட்டிய அடுப்பின்மேல் பாயச அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. துழாவிக்கொண்டிருந்த பாவா திடீரென்று தலையைத் தூக்கினார். தெருவில் மாட்டு வண்டி போகிற சத்தம். அதற்குள்ளே இன்னொரு சத்தம், இரும்பு மண்ணில் இழுபடுவது போல. துடுப்பை என் கையில் திணித்தார்.

"மச்சான், கைய மட்டும் நிறுத்தாதே. அடி புடிச்சிகினா என் பேரு போயிடும்."

சொன்னவர் வேலியைத் தாண்டிப் போய்விட்டார்.

ஊரே சாப்பிடப் போகிற பாயசம் என் கையில். நான் துழாவினேன். வேர்வையைத் துடைக்கக் கையை எடுத்தால் அந்த இமைப்பொழுதில் அடி பிடித்துவிடுமோ என்று முகத்தைத் தோளில் தேய்த்துக்கொண்டு துழாவினேன். பெண்ணின் அப்பா வந்தார். "மேஸ்திரி எங்கப்பா?" என்றார். வாயில் வந்ததைச் சொன்னேன்: "வயிறு சரியில்லிங்க, ஒதுங்கியிருக்காரு." அவர் முகம் போன போக்கைப் பார்த்த பிறகுதான், சமையல்காரனுக்கு வயிற்றுப்போக்கு என்று கல்யாண வீட்டில் சொல்லக்கூடாது என்பது எனக்கு உறைத்தது.

பாவா திரும்பி வந்தபோது அவருக்குப் பின்னால் இரண்டு மாடுகள், மாடுகளுக்குப் பின்னால் ஒரு பிக்கப்பு. முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் திறந்த தொட்டி. உலகச் சண்டைக் காலத்தில் பட்டாளம் வைத்திருந்து, சண்டை முடிந்ததும் கழித்துக் கட்டி ஏலத்தில் விட்ட வண்டிகளில் ஒன்று. ஒரு சக்கரம் இல்லை. சீட்டு இருந்த இடத்தில் எருக்கஞ்செடி முளைத்திருந்தது. பழைய இரும்புக்காரர் உடைத்து எடைக்குப் போட இழுத்துக்கொண்டு போனதை வழிமறித்து வாங்கியிருக்கிறார். என்ன கொடுத்தார் தெரியுமா? இரும்புக்காரருக்கு மூன்று பெண்கள். மூன்று பேர் கல்யாணத்துக்கும் இனாமாகச் சமைத்துப் போடுவதாக வாக்கு. கடைசிப் பெண் அப்போது தொட்டிலில் இருந்தாள்.

பாயசத்தில் ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்தார். "அடி புடிக்கல. ஆனா நீ துழாவின துழாவில சேமியா கஞ்சியாப் போச்சி" என்றார். அதற்கு ஏதோ ஒரு பேர் வைத்துப் புது தினுசு என்று பரிமாறிவிட்டார். கேட்டு வாங்கிக் குடித்தார்கள்.

திருத்தணியில் மலைக்குப் போகிற வழியில் எங்கள் வீடு; அக்கா, பாவாவோடுதான் நானும் இருந்தேன். பக்கத்திலேயே காலி மனை. அதில் எப்போதும் நாலைந்து பிக்கப்புகள் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து நிற்கும். மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய தலைகள் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். பாவாவும் எங்களைப் போலத் தறிக் குடும்பம்தான். சண்டைக் காலத்தில் ரோட்டில் பட்டாள வண்டிகள் வரிசையாகப் போன சத்தம் கேட்டுத் தறியை விட்டு எழுந்தவர் திரும்ப உட்காரவே இல்லை என்பாள் அக்கா. கரண்டி பிடித்ததும் வண்டிக்காகத்தான். சமையல் வேலைக்குப் போனால் நாலு ஊர் சுற்றலாம், எந்த ஊரில் எந்த வண்டி செத்துக் கிடக்கிறது என்று தெரியும்.

ஆகவே அவருடைய வண்டி வேலை முழுக்கச் சமையல் வாசனை அடிக்கும். துருப்பிடித்த மரையாணிகளைப் புளித்தண்ணியில் ஊறப்போட்டுவிட்டு, "அவசரப்படுத்தாதே, கடலைப்பருப்பு மாதிரி, தானா வரும்" என்பார். பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிற ஆளை உட்காரவைத்து ரேடியேட்டர் ஓட்டையை அடைப்பார். இன்ஜின் எண்ணெயை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துப் பாகு பதம் பார்ப்பார். முதல்முறை கிளப்பியதும் பக்கத்தில் குந்திக்கொண்டு கண்ணை மூடிக் கேட்பார். "இன்னும் பச்சை வாசனை போகல" என்றால் இன்னும் ஒரு வாரம் வேலை இருக்கிறது என்று அர்த்தம்.

அக்கா பானட்டுகளின் மேல் மிளகாய் காயவைப்பாள். அதற்கு அவர் ஒன்றும் சொல்லமாட்டார். ஆனால் வெயில் தாழ்ந்ததும் மிளகாயை வாருவதற்கு முன்னால் வண்டிக்குச் சாக்கு போர்த்தப் போவார்.

"இந்த வூட்ல ஓடாததுக்குத்தான் மரியாதி. காலையிலேருந்து ஓடிகினு கீறவ நான் ஒருத்தி. எனக்கு யாரு சாக்கு போத்தறா" என்பாள் அக்கா.

"நீ நின்னு பாரு, போத்தறேன்" என்பார் பாவா.

வண்டி உயிர் வந்து எழுந்ததும் மலையடிவாரத்துக்கு ஓட்டிப் போய், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, தானே பண்ணின சர்க்கரைப் பொங்கலை வழியில் போகிறவர்களுக்கெல்லாம் கொடுப்பார். அதற்கப்புறம் விற்றாக வேண்டும், அடுத்ததற்கு இடம் வேண்டுமே. விற்கிற நாளில் மட்டும் அவர் சமைக்கமாட்டார். உப்பு தெரியாது என்பார். வாங்கியவர் ஓட்டிக்கொண்டு போனதும், வண்டி நின்ற இடத்தில் தரையில் விழுந்திருக்கும் எண்ணெய்க் கறையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

ஆனால் போன வண்டிகள் திரும்பி வந்துகொண்டே இருந்தன. பெரிய கோளாறு ஒன்றும் இருக்காது. ஒருத்தருக்கு ஹார்ன், ஒருத்தருக்குப் பின்பலகைக் கொக்கி. பாவா வந்தவரை உட்காரவைத்து அக்காவைத் தோசை வார்க்கச் சொல்லிவிட்டு வண்டியைச் சுற்றிச் சுற்றி வருவார். சக்கரத்தைத் தட்டுவார். கண்ணாடியைத் தன் துண்டால் துடைப்பார். உரிமையாளர் நாலு தோசை சாப்பிட்டுக் கோளாறு சரியாகிச் சந்தோஷமாகக் கிளம்பிப் போவார். கொஞ்ச நாளில் மறுபடி வருவார்.

நான் கணக்கு எழுதுகிறவன், எனக்குச் சந்தேகம் வந்தது. ஒரு நாள் கேட்டேன். அவர் வெட்கப்பட்டார். அடுப்புப் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"பந்தியில பாயசம் எவ்ளோ வெப்பேன் பார்த்துகீறியா? இன்னும் ஒரு கரண்டி இருந்தா நல்லாருக்கும்னு நெனைக்கிற வரைக்கும்தான். போதும் போதும்னு ஏப்பம் வுட்டு எழுந்து போனவன் என்னிய நெனைப்பானா?"

"பாவா, அது பாயசம். இது வண்டி."

"பிரேக்குல வெக்க மாட்டேன். ஸ்டியரிங்ல வெக்க மாட்டேன். அது உயிரு. சின்னதா ஒன்னு, யாருக்கும் கெடுதல் இல்லாம" என்றார். ஒவ்வொரு வண்டியிலும் ஒரு சின்ன ஸ்பிரிங்கோ ஊசியோ போடாமல் விட்டுவிட்டு, அந்த இடத்தில் தறியில் ஓட்டும் பாவு நூலால் முறுக்கிக் கட்டி அனுப்புவாராம். நூல் தேய்ந்து அறுபட ஏறக்குறைய ஒரு மாசம் ஆகும். எடுத்த ஸ்பிரிங்குகள் அக்காவின் அஞ்சறைப் பெட்டியில், கடுகு இருக்கவேண்டிய கிண்ணத்தில் இருந்தன.

நான் வாயைத் திறக்கவில்லை. பாவா மேல் இருந்த பிரியம் ஒரு காரணம். பள்ளிப்பட்டு வண்டி இன்னொரு காரணம்.

பள்ளிப்பட்டில் தறிக்காரர்களுக்கு நூல் கொடுத்துப் புடவை வாங்குகிற முதலாளி ஒருத்தர் பாவாவிடம் ஒரு பிக்கப்பு வாங்கியிருந்தார். அதில் விடப்பட்ட குறை இடது பக்கத்துக் கதவு. வெளியிலிருந்து திறக்கும், உள்ளேயிருந்து திறக்காது. முதலாளிக்கு மனைவி இல்லை, ஒரே மகள். மாசா மாசம் கிருத்திகைக்கு இருவரும் மலைக்கு வருவார்கள், அப்படியே கதவைக் காட்டிவிட்டுப் போவார்கள். இடது பக்கம் உட்கார்ந்திருப்பது மகள். அவள் இறங்க வேண்டுமென்றால் யாராவது வெளியிலிருந்து கதவைத் திறந்துவிட வேண்டும். அந்த உத்தியோகத்தை நான் எடுத்துக்கொண்டேன். கிருத்திகையன்று கடைக்கு லீவு போட்டுவிட்டு, எதேச்சையாக வேலியோரம் நிற்பேன்.

முதல் மாசம் அவள் என்னைப் பார்க்கவில்லை. இரண்டாவது மாசம் பார்த்தாள். அதற்கடுத்த மாசம், "கடையில வேலையே கெடையாதா உங்களுக்கு" என்று என் காதில் மட்டும் விழும்படி கேட்டுவிட்டு இறங்கிப் போனாள். எனக்கு அன்று முழுக்கக் காய்ச்சல் அடிக்கிற மாதிரி இருந்தது. அக்கா கஷாயம் போட்டுக் கொடுத்தாள்.

பாவா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். முதலாளியிடம் அவரே பேச்சை எடுத்தார். இரு வீட்டுக்கும் ஒத்துப்போயிற்று. தையில் மலையிலேயே கல்யாணம் என்று முடிவானது.

பத்திரிகைக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்த ஒரு நாள் பள்ளிப்பட்டு வண்டியின் சத்தம் கேட்டது. அன்று கிருத்திகை இல்லை. வேலியருகே ஒடித்து நிறுத்தி, கதவை அறைந்து சாத்துகிற சத்தம். "மேஸ்திரி" என்று ஒரு குரல். அந்தக் குரலைக் கேட்டு என் மூளை யோசித்து முடிப்பதற்குள் உடம்பு தானாக முடிவெடுத்துப் பக்கத்தில் நின்ற பிக்கப்புக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. என் கல்யாணத்தின் தலைவிதி தீர்மானமான காட்சியை நான் கால்களாகத்தான் பார்த்தேன். முதலாளியின் தோல் செருப்பு. விரல் இடுக்கில் மஞ்சள் ஏறிய பாவாவின் வெறுங்கால். சற்றுத் தள்ளி அக்காவின் மெட்டி.

"கூட்ஸ் ஷெட்டுக்கு நூல் எடுக்க வந்தேன்" என்றது செருப்பு. "அங்க பொதட்டூர்பேட்டைக்காரர் ஒருத்தரு. உன் கையில வாங்கின வண்டி. பேசிகினு இருந்தோம். அவருக்கு ஹார்ன் அடிக்கலியாம், மாசா மாசம் உங்கிட்ட வராராம். நகரிக்காரருக்குப் பின்பலகையாம். எனக்குக் கதவு. பந்தியில பலகாரம் வெக்கற மாதிரி ஆளுக்கு ஒன்னு வெச்சிகீறே."

வெறுங்கால் ஓர் அடி பின்னுக்குப் போயிற்று.

"அங்கயே கதவ அவுத்துப் பார்த்தேன். உள்ள நூலு. நூல்காரன் எனக்கே நூலைக் கட்டி அனுப்பிகீறே. அத்த அறுத்துப் போட்டுட்டுதான் வரேன். தெரிஞ்சி வெச்சியா, தெரியாம வெச்சியா?"

"தெரிஞ்சிதாங்க."

"வண்டியில ஒன்ன மறைச்சிக் குடுக்கறவன், மாப்பிள்ளையில இன்னா மறைச்சிக் குடுக்கறியோ. அவனுக்கு எந்தக் கதவு தொறக்காதோ. நான் ஒரே ஒரு பொண்ணு வெச்சிகீறேன் மேஸ்திரி. அவளுக்கு ஒன்னுன்னா மாசா மாசம் எங்க ஓட்டிகினு வருவேன்? இந்தக் கல்யாணம் வாணாம்."

மேலேயிருந்து ஒரு சொட்டு எண்ணெய் என் நெற்றியில் விழுந்தது. நான் என்னிடம் உள்ள கோளாறுகளை வேகமாக எண்ணிப் பார்த்தேன். எண்ண எண்ண, முதலாளி சொல்வது நியாயம் என்றே பட்டது.

"அவன்கிட்ட நெறைய கோளாறு கீதுங்க" என்றார் பாவா. "பயந்தாங்கொள்ளி. பல்லி விழுந்தா பஞ்சாங்கத்தோட ஊரையே கூட்டுவான். ஆனா ஒன்னும் மறைக்கத் தெரியாது. மறைச்சாலும் மூஞ்சியில தெரிஞ்சிடும்."

"அத்த வுடு. நீ ஏன் இப்படிப் பண்ணே? அதச் சொல்லு."

வெறுங்கால்களில் ஒன்று இன்னொன்றின்மேல் ஏறித் தேய்த்துக்கொண்டது.

"வுட்டுட்டு இருக்க முடியலிங்க. மண்ணாகிக் கெடக்கறத எடுத்தாந்து, ஊறப்போட்டு, தொடைச்சி, எழுப்பி உக்கார வெப்பேன். ஒரு நாள் காலையில நீங்க ஓட்டிகினு போயிடறீங்க. ஒரு கொறையும் இல்லன்னா இந்தப் பக்கம் எதுக்கு வரப்போறீங்க? எப்படி ஓடுதுன்னு நான் யாரைக் கேப்பேன்?"

மெட்டிகள் கூட நகரவில்லை. அப்போதுதான் இன்னொரு குரல் கேட்டது.

"நைனா, யாராச்சும் கதவத் தொறங்க. உள்ள வேகுது."

அவளும் வந்திருக்கிறாள். இந்தப் பேச்சு முழுவதையும் வண்டிக்குள் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். நூலை அறுத்தாகிவிட்டது, உள்ளேயிருந்து கதவு திறக்காது. ஓட்டுகிற பக்கம் நகர்ந்து இறங்கலாமென்றால் நடுவில் கியர்த்தடி, அதையும் தாண்டினால் முதலாளி கதவின்மேல் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். கோபத்தில் அவர் நகரவில்லை. கவலையில் பாவாவும் நகரவில்லை. நான் யோசித்திருந்தால் நானும் நகர்ந்திருக்கமாட்டேன். மாசா மாசம் பார்த்த உத்தியோகம்; பழக்க தோஷம். வண்டிக்கு அடியிலிருந்து தவழ்ந்து வெளியே வந்து, போய்க் கதவைத் திறந்துவிட்டேன்.

முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார். "இது எவ்ளோ நேரமா அடியில கீது?" என்று பாவாவைக் கேட்டார்.

"நீங்க மேஸ்திரின்னு கூப்பிட்டதிலேருந்துங்க."

அவள் இறங்கினாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "மூஞ்சியத் தொடைச்சிகினு வாங்க. நைனா வேற யாரோன்னு நெனைச்சிக்கப் போறாரு" என்றாள். பிறகு அப்பாவிடம் போய், "மாசா மாசம் வந்து தோச சாப்பிட்டது நீங்கதானே நைனா" என்றாள்.

முதலாளி மலைப் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். பிறகு ஒரு முடிவு சொன்னார். கதவை இப்போதே, தன் கண்ணெதிரில், முழுசாகச் சரிபண்ண வேண்டும். வண்டியில் ஒரு குறையும் இருக்கக்கூடாது. அதற்குப் பிறகு இந்த வண்டி இந்த வாசலுக்கு வராது. சம்மதமென்றால் தையில் கல்யாணம்.

பாவா என்னை ஒருமுறை பார்த்தார். ரேடியேட்டரைப் பார்க்கிற மாதிரி, இது தாங்குமா என்று. உள்ளே போய்க் கடுகுக் கிண்ணத்திலிருந்து ஒரு ஸ்பிரிங்கை எடுத்துவந்தார். அதைக் கதவில் மாட்ட அதிக நேரம் ஆகவில்லை. முதலாளி உள்ளே உட்கார்ந்து திறந்து பார்த்தார், மூடினார், மறுபடி திறந்தார். "சரி" என்றார். ஆனால் பாவா ஸ்பேனரைக் கீழே வைக்கவில்லை. "வந்ததுக்கு மத்ததையும் ஒரு வாட்டி பார்த்துடறேங்க" என்று பானட்டைத் தூக்கினார். ஒவ்வொரு மரையாக முறுக்கினார். ஒவ்வொரு பூட்டுக்கும் எண்ணெய் விட்டார். இன்னும் பல வருஷத்துக்கு அந்த வண்டிக்கு ஒன்றும் வராதபடி, கையில் இருந்த எல்லாவற்றையும் அதற்குச் செய்தார். வண்டி கிளம்பிப் போனபோது ஒரு முனகல் கூட அதிலிருந்து வரவில்லை.

கல்யாணம் நடந்தது. பாவாதான் சமையல். அன்று பாயசத்தை அவர் அளவு பார்க்காமல் ஊற்றினார். போதும் என்று இலையை மூடியவர்களின் இலையைத் திறந்து ஊற்றினார். ஒருத்தரும் இன்னும் கொஞ்சம் என்று கேட்கவில்லை.

அத்தோடு நிற்கவில்லை அவர். மற்ற வண்டிக்காரர்களுக்கும் சொல்லியனுப்பி, வரவழைத்து, அவரவர் ஸ்பிரிங்கை அவரவர் வண்டியில் மாட்டிக் கொடுத்துவிட்டார். அக்காவின் கடுகு தன் இடத்துக்கு வந்தது. அவளுக்கு அதில் சந்தோஷம் இல்லை. "கிண்ணத்த ரொப்பிட்டேன். இந்த மனுஷன எதப்போட்டு ரொப்பறது?" என்று என் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வண்டிகள் வருவது நின்றுபோயிற்று. கிருத்திகையன்று காலையில் பாவா குளித்து வேலியோரம் நிற்பார். ரோட்டில் ஏதாவது இன்ஜின் சத்தம் கேட்டால் தலை திரும்பும். அது அவருடையது இல்லையென்று தெரிந்ததும் உள்ளே வந்துவிடுவார். ஒரு நாள் இரும்புக்காரர் ஒரு பிக்கப்பை மாடு கட்டி எங்கள் வாசல் வழியாகவே இழுத்துக்கொண்டு போனார். வேண்டுமென்றே மெதுவாகப் போனார் என்று நினைக்கிறேன். பாவா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர், நிமிரவில்லை. எனக்குப் பயம் வந்தது. வழக்கமாக எனக்கு வருகிற, பிறகு சிரிக்கத் தோன்றுகிற பயமில்லை அது. அன்றிரவு மனைவியிடம் சொன்னேன். ஆனி மாசம் பிறந்த வீட்டுக்குப் போய் இரண்டு நாள் இருந்துவிட்டு வந்தாள். என்ன பேசினாள் என்று நான் கேட்கவில்லை.

ஆடிக் கிருத்திகைக்குக் காவடிக் கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டிருந்தது. கூட்டத்துக்கு நடுவில் ஊர்ந்து வந்து எங்கள் வேலியருகே பள்ளிப்பட்டு வண்டி நின்றது. மாமனார் உடனே இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாவா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"மேஸ்திரி, ஏதோ ஒரு சத்தம் வருது" என்றார் மாமனார்.

பாவா பானட்டைத் தூக்கினார். "கிளப்புங்க" என்றார். பக்கத்தில் குந்திக்கொண்டு கண்ணை மூடினார். இன்ஜின் ஓடியது. எனக்கு வண்டி தெரியாது. ஆனால் எனக்கே தெரிந்தது. அவ்வளவு சுத்தமாக ஓடியது.

வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார் பாவா.

"எப்ப வருதுங்க? மேடு ஏறும்போதா?"

"ஆங், மேடு ஏறச் சொல்ல."

"எறங்கச் சொல்ல?"

மாமனார் யோசித்தார். "எறங்கச் சொல்லவும் வருது."

பாவா கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தார். அவர் காவடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வருதுங்க" என்றார் பாவா. "கேட்டுது. கொஞ்ச நாளாவும். வண்டிய வுட்டுட்டுப் போங்க."

மாமனார் விட்டுவிட்டுப் போகவில்லை. மலைக்குப் போய்ச் சாமி பார்த்துவிட்டு, பெண்ணைப் பார்த்துவிட்டு, நேராக மனைக்கு வந்து ஒரு அண்டாவைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். அடுத்த நாள் காலையில் நான் கடைக்குக் கிளம்பும்போது, ஒரு குறையும் இல்லாத அந்த இன்ஜின் அக்குவேறு ஆணிவேறாகக் கழன்று கோணிமேல் பரவிக் கிடந்தது. பாவா ஒரு பாகத்தை எடுத்துத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமனார் கேட்காத ஸ்பேனரை எல்லாம் எடுத்து நீட்டிக்கொண்டிருந்தார். இத்தனை பாகமும் திரும்ப உள்ளே போகுமா, ஒன்று மீந்துவிட்டால் என்ன ஆகும், மறுபடி கல்யாணத்திலிருந்து எல்லாம் பேச வேண்டிவருமா என்று கேட்கத் தொடங்கினேன்.

பாவா நிமிரவில்லை. மாமனார்தான் திரும்பினார்.

"கடைக்கு நேரமாச்சின்னா நீங்க போங்க மாப்ளே" என்றார். "எங்களுக்கு வேல கீது."